ஒன்பதாம் துண்டு

பிஸ்கட் பெட்டிக்குள் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு ஒன்பது.
"அதிபரின்ர அறை இருந்த இடம்" என்றார் கிராம சேவகர்,
பதவி கிடைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்து.

நொச்சிமுறிப்பு அ.த.க. பாடசாலை,
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினான்கு.
வளைவில் எழுத்து இன்னும் நிற்கிறது
'பாட' வரைக்கும்.
மிச்சத்தை ஷெல் வாசித்துவிட்டது.

பிள்ளைகள் பெருந்தெருப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்,
அங்கே மாடி, கணினி அறை.
இங்கே பதினைந்து வருடம்
நாயுருவியும் கட்டாக்காலி மாடுகளும்
ஒழுங்காய் வரவு வைத்தன.
பிறகு அளவையாளர் வந்து
முப்பத்திரண்டு துண்டுக்கும்
மஞ்சள் கட்டை அடித்தார்.

கடிதமும் வந்தது.
பழைய மாணவர் சங்கம், ஸ்காபரோ கிளை.
வரலாற்றை உடைத்து வீடு கட்டாதீர்கள் என்று.
பிரதேச செயலகத்தில் வாசித்துக் காட்டினார்கள்.
வாய்க்கால் கரையில் பேர்மிட் இல்லாமல் கிடந்த நாங்கள்
பின்வாங்கில் இருந்து கேட்டோம்.
நல்ல தமிழ்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.
அந்தப் பள்ளிக்கூடம் நன்றாய்த்தான் படிப்பித்திருக்கிறது.

எனக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு,
பதினொரு நாள் நீளம்.
எழுபத்தேழில் மலையிலிருந்து லொறியில் வந்து இறங்கிய அப்பா
அடுத்த தை மாதம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.
பிறப்புச் சாட்சிப் பத்திரம்?
லயத்தோடு எரிஞ்சு போச்சுங்க.
கொண்டு வாருங்கள், சேர்ப்போம்.
அதுவரை பிள்ளை வேம்புக்குக் கீழே இருக்கலாம்.

இருந்தேன்.
ஏழாம் வாய்ப்பாடு வரை சன்னலால் வந்தது.
பன்னிரண்டாம் நாள்
யாரோவின் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கினேன்.
எட்டாம் வாய்ப்பாட்டை
இன்றைக்கும் கூட்டித்தான் சொல்வேன்.

அத்திவாரம் வெட்டும்போது
மேசன் யேசுரட்ணம் கத்தினான்:
"அக்கா, கீழ தரை கிடக்கு!"
ஓரடி மண்ணுக்குக் கீழே சிவப்புச் சீமெந்து,
வெடிப்பில்லாமல், கால் வைத்தால் குளிர்ந்தது.
பள்ளிக்கூடம் குளத்தைப் பார்த்து நின்றது,
வீட்டுத்திட்டம் றோட்டைப் பார்க்கிறது.
அதனால்
அதிபர் அறையையும் எட்டாம் வகுப்பையும் பிரித்த கறுப்புக் கோடு
என் குசினிக்குள் சாய்வாய் நுழைந்து
அடுப்படியில் முட்டுகிறது.

உடைக்கவா, விடவா?
உடைத்தால் கூலி.
விட்டால் நாலு மூடை சீமெந்து மிச்சம்.
மூன்றாம் கட்டக் காசு இன்னும் வரவில்லை.
விடச் சொன்னேன்.
பாசத்தில் என்று பிறகு ஊர் சொன்னது.
மறுக்கவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு வந்த சபாநடேசன்
இடுப்பளவு சுவருக்குள் வந்து நின்றார்.
"இதிலதான் அடி வாங்கினான்."
கையை விரித்துக் காட்டினார்.
இல்லாத கதவொன்றைத் திறந்தும் காட்டினார்.
பிளேன்ரீ ஊற்றினேன்.
கடிதத்தில் தன் கையெழுத்தும் இருந்ததாய் அவர் சொல்லவில்லை.
தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

ஒரு துண்டுத் தரை கேட்டார்,
பயணப்பைக்குள் வைக்க.
"கோட்ட விட்டுட்டு எடுங்க" என்றேன்.
என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.
"நீங்களும் இஞ்சதான் படிச்சனீங்களோ? எந்த வகுப்பு?"

கையை நீட்டினேன்.
ஆறாம் துண்டு,
கோகிலம் வீட்டுக் கக்கூஸ் குழி.
வேம்பு அதில்தான் நின்றது.

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ரீ ஆறி ஆடை கட்டியது.

கூரை போட்டாயிற்று. பேர்மிட்டும் கிடைத்தது,
அதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
திருத்தப் போனேன்.
கவுண்டரில் ஒரு சின்னப் பெடியன், மரியாதையானவன்:
"பிறப்புச் சாட்சிப் பத்திரம் கொண்டு வாங்கோ அம்மா,
உடன திருத்தலாம்."

வீட்டுக்கு வந்தேன்.
கதவைப் பூட்டினேன்,
இந்த முறை
உள்பக்கமாய்.